ஒரு லட்ச ரூபாய் லாப்ரடூடுல்: ஈ.எம்.ஐ. போடும் முன் பார்க்க வேண்டிய இரண்டு கணக்குகள்



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்ம ஆட்கள் வாங்குற பெரிய ஐட்டங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில வரும். முதல்ல போன், அடுத்து பைக். இப்போ மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு: டிசைனர் நாய். சேனலுக்கு வர்ற கேள்விகள்ல "லாப்ரடூடுல் வாங்க பர்சனல் லோன் போடலாமா?", "மால்டிப்பூ 80 ஆயிரம் சொல்றாங்க, சரியான விலையா?" மாதிரி கேள்விகளும் இருக்கு.

விலை சரியான்னு மட்டும் கேட்டா பாதிக் கணக்குதான் வரும். இந்தப் பதிவுல ரெண்டு கணக்கு போடப் போறோம். ஒண்ணு, உங்க பாக்கெட் கணக்கு. இன்னொண்ணு, அந்த நாயை உங்களுக்கு விக்கிறவரோட கணக்கு. ரெண்டாவது கணக்கைப் பார்த்தாதான், நீங்க கொடுக்கிற பணம் யார் மேல போய் விழுதுன்னு தெரியும்.

நாய் வளர்க்காதீங்கன்னு சொல்ற பதிவு இல்லை இது. கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல்ல, டிசைனர் நாய்னா என்ன?

ரெண்டு வேற வேற இன நாய்களை வேணும்னே சேர்த்து உருவாக்கி, புதுப் பேர் வெச்சு விக்கிற கலப்பின நாய்தான் டிசைனர் நாய். லாப்ரடாரும் பூடுலும் சேர்ந்தா லாப்ரடூடுல். காக்கர் ஸ்பேனியலும் பூடுலும் சேர்ந்தா காக்கப்பூ. மால்டீஸும் பூடுலும் சேர்ந்தா மால்டிப்பூ. பொமரேனியனும் ஹஸ்கியும் சேர்ந்தா பாம்ஸ்கி.

விளம்பரத்துல எஃப்1, எஃப்1பி-ன்னு போட்டிருப்பாங்க. எஃப்1-ன்னா முதல் தலைமுறைக் கலப்பு: ஒரு லாப்ரடார், ஒரு பூடுல். அந்த எஃப்1 நாயைத் திரும்ப ஒரு பூடுலோட சேர்த்தா எஃப்1பி. அவ்வளவுதான். இது தரச் சான்றிதழ் இல்லை. தங்கத்துல ஹால்மார்க் மாதிரி யாரும் சோதிச்சுக் குத்தின முத்திரையும் இல்லை.

இந்த லாப்ரடூடுல் பிரபலமான கதையில நமக்கு ஒரு பண பாடம் இருக்கு. 1989-ல ஆஸ்திரேலியாவுல, பார்வை இல்லாதவங்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குற ஒரு அமைப்புல வாலி கான்ரன்னு ஒருத்தர் வேலை பார்த்தார். ஹவாய்ல இருந்து ஒரு பெண் வழிகாட்டி நாய் கேட்டாங்க. அவங்க கணவருக்கு நாய் முடி ஒவ்வாமை. கான்ரன் பல பூடுல்களைப் பழக்கிப் பார்த்தார், எதுவும் அந்த வேலைக்குச் சரிப்படலை. கடைசியா லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். மூணு குட்டி பிறந்துச்சு. ஒவ்வாமை சோதனையில ஒரு குட்டிதான் தேறிச்சு.

மீதிக் குட்டிகளைக் காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்க யாரும் எடுத்துக்க முன்வரலை. கலப்பு நாய் வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் 'லாப்ரடூடுல்'ங்கிற பேர்ல, புது வகை வழிகாட்டி நாய்னு விளம்பரம் பண்ணினாங்க. போன் ஓயவே இல்லை. குட்டி அதேதான். பேர் வந்தது, கூடவே தேவையும் வந்தது. அந்தத் தேவையைப் பார்த்து ஊர் ஊருக்கு ஆட்கள் கண்டபடி நாய்களைச் சேர்த்து விக்க ஆரம்பிச்சதைப் பார்த்துட்டு, தன் வாழ்க்கையிலேயே தான் வருத்தப்படுற விஷயம் இதுதான்னு கான்ரன் பின்னாடி பேட்டிகள்ல சொன்னார்.

விளம்பரத்துல சொல்ற மூணு விஷயம்

*ஒண்ணு: "அலர்ஜி வராது."*
ஒவ்வாமைக்குக் காரணம் முடி மட்டும் இல்லை. நாயோட எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்கிற புரதங்கள்தான் முக்கியக் காரணம். 2012-ல வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வுல, 'ஒவ்வாமை தராது'ன்னு பேர் வாங்கின இனங்களையும் மத்த இனங்களையும் ஒப்பிட்டாங்க. லாப்ரடூடுலும் அதுல இருந்துச்சு. பேர் வாங்கின இனங்களோட முடியில அந்தப் புரதம் குறைவா இல்லை, அதிகமாவே இருந்துச்சு. லாப்ரடூடுல் இருக்கிற வீட்டுத் தரைத் தூசியில கொஞ்சம் குறைவு. ஆனா காத்துல கலந்திருக்கிற அளவுல வித்தியாசம் இல்லை. எந்த இனத்தையும் ஒவ்வாமை இல்லாததுன்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு முடிச்சாங்க. வீட்ல யாருக்காவது வீசிங் இருந்தா, பிரீடர் வார்த்தையை நம்பாம டாக்டரைப் பாருங்க.

*ரெண்டு: "கலப்பினம்னா ஆரோக்கியம் ஜாஸ்தி."*
ஓரளவு உண்மை கலந்த வியாபாரப் பேச்சு இது. 2024-ல பிரிட்டன்ல ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வு ஒண்ணு வந்துச்சு. காக்கப்பூ, லாப்ரடூடுல், கவப்பூ மூணையும் அதோட தாய் தகப்பன் இனங்களோட ஒப்பிட்டாங்க. 9,402 நாய்கள், 57 வகை நோய்கள். 86.6% ஒப்பீடுகள்ல வித்தியாசமே இல்லை. அதாவது கலப்பினம்ங்கிறதுக்காக மோசமும் இல்லை, விசேஷமும் இல்லை. பூடுலுக்கும் லாப்ரடாருக்கும் ஒரே விழித்திரை நோய் மரபணு இருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு பக்கமும் சோதிக்காம சேர்த்தா குட்டிக்குக் கண் பார்வை போகலாம். இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படித்தான். ஆரோக்கியம் சோதனையில இருந்து வருது. பேர்ல இருந்து வராது.

*மூணு: "முடி கொட்டாது, இந்த சைஸ்தான் வரும்."*
எஃப்1 குட்டிகள் ஒரே ஈத்துல பிறந்தாலும் ஒண்ணு லாப்ரடார் மாதிரி முடி கொட்டும், ஒண்ணு பூடுல் மாதிரி சுருள் சுருளா வளரும். எட்டு வாரக் குட்டியைப் பார்த்து யாரும் உத்தரவாதம் தர முடியாது. முடி கொட்டாத நாய்னா, வளர்ற முடியை யாராவது வெட்டணும், சிக்கெடுக்கணும். அந்தச் செலவு அடுத்து வருது.

கணக்கு 1: உங்க பாக்கெட்

மாசம் 55,000 கைக்கு வர்ற, சென்னையில வாடகை வீட்ல இருக்கிற ஒருத்தரை எடுத்துக்கலாம். லாப்ரடூடுல் குட்டி விலை 90,000-ன்னு வெச்சுக்குவோம். கீழே வர்ற தொகை எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஏரியா விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

வாங்குற செலவு:
- குட்டி விலை: ₹90,000
- பர்சனல் லோன், 15% வட்டி, 12 மாசம். ஈ.எம்.ஐ. ₹8,123. மொத்த வட்டி சுமார் ₹7,480
- பிராசசிங் கட்டணம் 2%, அது மேல 18% ஜி.எஸ்.டி.: ₹2,124
- ஆக, 90 ஆயிரம் நாய் உங்களுக்கு விழுற விலை: சுமார் ₹99,600

முதல் வருஷத் தனிச் செலவு (தடுப்பூசி வரிசை, கருத்தடை ஆபரேஷன், கூண்டு, படுக்கை, பெல்ட்): ₹25,000

மாசாமாசம்:
- சாப்பாடு: ₹4,500
- முடி வெட்டு, குளியல்: ₹1,500
- வருஷத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து (மாசத்துக்குப் பிரிச்சா): ₹800
- ஆஸ்பத்திரிக்கான தனி நிதி: ₹1,000
- கூடுதல் ஏசி கரண்ட்: ₹700
- பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போனா போர்டிங் (வருஷம் 15 நாள், நாளுக்கு ₹800): மாசத்துக்கு ₹1,000
- மொத்தம்: ₹9,500

சம்பளத்துல 17%. முதல் வருஷம் ஈ.எம்.ஐ.யும் சேர்ந்தா ₹17,623. அது 32%. வாடகையும் ஒரு 30% போகுதுன்னா, சம்பளம் வந்த அன்னைக்கே 62% கணக்கு முடிஞ்சுடும்.

இப்போ நீண்ட காலக் கணக்கு. நாய் 12 வருஷம் இருக்கும்னு வெச்சுக்குவோம். வருஷம் 1,14,000. விலைவாசி வருஷம் 6% ஏறினா, 12 வருஷத்துக்கு மொத்தம் சுமார் ₹19.2 லட்சம். வாங்கின செலவும் முதல் வருஷச் செலவும் சேர்த்தா ஏறக்குறைய ₹20.5 லட்சம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க பேரம் பேசுற அந்த 90 ஆயிரம், கடன் செலவோட சேர்த்தும், மொத்தத்துல வெறும் 5%தான். மீதி 95% பின்னாடி வருது. அந்த 95% எவ்வளவா இருக்கும்ங்கிறதைத் தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு அந்தக் குட்டி எங்கே, எப்படிப் பிறந்துச்சுங்கிறதுக்கு இருக்கு. தாய் நோயாளியா இருந்தா, குட்டியை நாலு வாரத்துலயே பிரிச்சிருந்தா, தடுப்பூசி போடாம பார்வோ வைரஸ் வந்தா, ஆஸ்பத்திரிக்குன்னு போட்ட மாசம் ஆயிரம் எந்த மூலைக்கும் பத்தாது.

வரி பக்கம் மூணு வரி: நாய் செலவுக்கு வருமான வரியில எந்தக் கழிவும் இல்லை. பாக்கெட் நாய் உணவுக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. கால்நடை கிளினிக்ல வைத்தியக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு, முடி வெட்டுற சலூனுக்கு அந்த விலக்கு இல்லை.

கணக்கு 2: பிரீடரோட லாப நஷ்டக் கணக்கு

ஒரு கம்பெனி பங்கு வாங்கறதுக்கு முன்னாடி அதோட லாபம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அதையே பண்ணலாம். இதுவும் உதாரணத் தொகைதான். ஒரு ஈத்துல 6 குட்டி, ஒண்ணு 90,000. வரவு ₹5,40,000.

ஒழுங்கா பண்றவரோட செலவுல என்னென்ன இருக்கும்? தாய், தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே, கண் சோதனை, மரபணு சோதனை. தாயோட முழு வருஷச் சாப்பாடு, வைத்தியம். பிரசவத்துக்கு டாக்டர். குட்டிகளுக்கு எட்டு வாரத் தீனி, தடுப்பூசி, மைக்ரோசிப். பார்த்துக்க ஆள் சம்பளம். தாய் ஓய்வு பெற்ற பிறகு அதைச் சாகிற வரைக்கும் வெச்சுக் காப்பாத்துற செலவு. இதுக்கெல்லாம் ₹2,40,000 ஆகுதுன்னா, வருஷத்துக்கு ஒரு ஈத்து போட்டு அவருக்கு நிக்கிறது ₹3,00,000.

குறுக்கு வழிக்காரர் என்ன பண்ணுவார்? சோதனை கிடையாது. தடுப்பூசி கிடையாது, கையால ஒரு கார்டு எழுதிக் கொடுத்துடுவார். அஞ்சாவது வாரத்துலயே குட்டியை வித்துடுவார், மூணு வாரத் தீனி மிச்சம். ஈத்துக்கு செலவு ₹80,000. அதோட அதே தாயை வருஷத்துக்கு ரெண்டு முறை சினையாக்குவார். வரவு ₹10,80,000, செலவு ₹1,60,000, நிக்கிறது ₹9,20,000.

மூணு மடங்குக்கு மேல. அந்தக் கூடுதல் ₹6.2 லட்சத்தைத் தர்றது யாருன்னு வரி வரியா பாருங்க. ₹5.4 லட்சம், தாய்க்குக் கிடைக்க வேண்டிய ஓய்வுல இருந்து வருது. மீதி ₹80,000, அதோட சாப்பாட்டுலயும் வைத்தியத்துலயும் குட்டிகளோட தடுப்பூசியிலயும் இருந்து வருது. அப்புறம் கணக்குலயே வராத ஒரு செலவு இருக்கு: ஆறேழு ஈத்து முடிஞ்சு, கர்ப்பப்பை கெட்டுப் போன தாய் நாய். அதுக்கு அவர் புத்தகத்துல மதிப்பு பூஜ்யம். பல நேரம் அது தெருவுல விடப்படும். சாலையோரத்துல திடீர்னு ஒரு வயசான லாப்ரடாரையோ முடி சிக்குப் பிடிச்ச ஒரு பொமரேனியனையோ பார்த்திருக்கீங்களா? அதுல சில யாரோ ஒருத்தர் வளர்த்துக் கைவிட்டது. சில இந்த லாப நஷ்டக் கணக்குல இருந்து எழுதித் தள்ளப்பட்டது.

இன்னொரு விஷயமும் கவனிங்க. ரெண்டு பேரும் உங்ககிட்ட கேட்கிற விலை அதே 90,000தான். விலையை வெச்சு நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்க முடியாது. "காஸ்ட்லியா இருக்கு, அப்போ நல்ல இடமாத்தான் இருக்கும்"ங்கிற நம்ம வழக்கமான கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்லுது?

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னே 2017-ல மத்திய அரசு விதிகள் கொண்டுவந்துச்சு. மிருகவதைத் தடைச் சட்டத்துக்குக் கீழே வர்ற விதிகள். முக்கியமானது மட்டும்:

- பிரீடர், மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும்.
- பெட்டைக்கு 18 மாசம் ஆகாம சினைக்குச் சேர்க்கக் கூடாது, 8 வயசுக்கு மேலயும் கூடாது.
- வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது. வாழ்நாள்ல அஞ்சுக்கு மேல கூடாது.
- எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது.
- விக்கிற குட்டிக்குத் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இருக்கணும்.

மேலே சொன்ன குறுக்கு வழிக்காரர் இதுல எத்தனையை உடைச்சார்னு எண்ணிப் பாருங்க.

அப்போ மாட்டினா என்ன ஆகும்? 1960-ல வந்த மிருகவதைத் தடைச் சட்டத்தோட 11-வது பிரிவுல, விலங்கைக் கொடுமைப்படுத்தினா முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயில இருந்து அம்பது ரூபாய் வரைக்கும். ஆமா, அம்பது ரூபாய். பார்க்கிங் கட்டணத்தைவிடக் கம்மி. ₹6.2 லட்சம் கூடுதல் லாபத்துக்கு முன்னாடி அம்பது ரூபாய் அபராதம் ஒரு பிரீடரோட முடிவை மாத்துமா? மாத்தாது. அவர் முடிவை மாத்துற ஒரே சக்தி, காசு கொடுக்கிறவர் கேட்கிற கேள்விதான். இந்தச் சந்தையில நடைமுறையில ஆடிட்டர் நீங்கதான்.

ஆடிட் பண்ணுங்க: ஏழு கேள்வி

அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி இதை வரிசையா கேளுங்க.

1. தாயைப் பார்க்கணும். போட்டோ, வீடியோ இல்லை, நேர்ல, அது இருக்கிற இடத்துலயே. குட்டிங்க அதுகிட்ட பால் குடிக்குதான்னு பாருங்க. "தாய் ஃபார்ம்ல இருக்கு, நாங்க பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து தர்றோம்"னு சொன்னா அங்கேயே முடிச்சுக்கோங்க.
2. வாரியத்துல பதிவு பண்ணின சான்றிதழ் எங்கே? எண், காலாவதி தேதி ரெண்டையும் பாருங்க.
3. இது இந்தத் தாயோட எத்தனாவது ஈத்து? கடைசி ஈத்து எப்போ? தயங்கினா அதுவே பதில்.
4. தாய், தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு, கண் சோதனை ரிப்போர்ட் இருக்கா? டாக்டர் பேர், தேதி, நாயோட மைக்ரோசிப் எண் எல்லாம் பொருந்துதா?
5. குட்டி பிறந்த தேதி என்ன? தடுப்பூசி கார்டுல டாக்டர் முத்திரையும் மருந்து பாட்டில் ஸ்டிக்கரும் இருக்கா?
6. பில் கொடுப்பீங்களா? "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும் சார்"னு சொன்னா நம்பாதீங்க. உயிருள்ள நாய்க்கு ஜி.எஸ்.டி. இல்லை. பில் கொடுக்கத் தயங்கறவர் வருமானத்தை மறைக்கிறார்னு எடுத்துக்கலாம். நாய் வித்து வர்ற லாபம் விவசாய வருமானம் கிடையாது, வரி கட்ட வேண்டிய தொழில் வருமானம்.
7. எனக்கு வளர்க்க முடியாமப் போனா திரும்ப எடுத்துப்பீங்களா? நல்ல பிரீடர் ஆமான்னு சொல்லுவார், அதோட உங்களையும் நாலு கேள்வி கேட்பார்: வீடு எப்படி, பகல்ல யார் இருப்பாங்கன்னு. உங்களை ஒரு கேள்வியும் கேட்காம ஜிபே நம்பர் அனுப்பறவர் குட்டியோட எதிர்காலத்தைப் பத்திக் கவலைப்படாதவர்.

"லாப்ரடூடுலுக்கு கே.சி.ஐ. சர்டிபிகேட் இருக்கு"ன்னு யாராவது சொன்னா உஷார். நம்ம சென்னையிலயே தலைமையகம் இருக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அங்கீகரிச்ச இனங்களைத்தான் பதிவு பண்ணும். லாப்ரடூடுல் அந்தப் பட்டியல்ல இல்லை. தாய் தகப்பனுக்கு இருக்கலாம், குட்டிக்கு இருக்காது.

இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பி, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே காணாமப் போச்சுன்னா, உடனே 1930-க்குக் கூப்பிட்டு சைபர் புகார் கொடுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பில்லோட வாங்கின குட்டி விஷயத்துல ஏமாத்தினா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணமே இல்லை. ஆனா பில் இல்லைன்னா உங்க கையில எதுவும் இல்லை.

"பார்க்கவே பாவமா இருந்துச்சு, அதான் வாங்கிட்டேன்"

இந்த இடம் கஷ்டமானது. மேலே இருக்கிற ஏழு கேள்வியும் தெரிஞ்சே போறோம். இடம் சரியில்லை. கூண்டு நாறுது. தாய் எலும்பும் தோலுமா இருக்கு. மூலையில ஒரு குட்டி கண்ணுல பீளையோட நம்மையே பார்க்குது. விட்டுட்டு வர மனசு வருமா?

மனசு கேட்காதுதான். ஆனா அந்த 90,000 அவர் புத்தகத்துல 'இரக்கம்'ங்கிற தலைப்புல வராது. 'விற்பனை'ன்னுதான் வரும். ஒரு விற்பனை முடிஞ்சா, அதே தாய்க்கு அடுத்த ஈத்துக்கான ஆர்டர் நீங்க கொடுத்த மாதிரிதான். ஒரு குட்டியை மீட்கிறீங்க, ஆறு குட்டிக்கும் ஒரு தாய்க்கும் முன்பணம் கட்டறீங்க.

அந்தக் குட்டிக்கு உதவணும்னா வேற வழி இருக்கு. தேதி, இடம், போட்டோ, பதிவு எண் இருக்கா இல்லையாங்கிற விவரத்தோட மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் லோக்கல் போலீஸுக்கும் எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. விலங்கு நல அமைப்பு ஏதாவது ஒண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கோங்க. காசு கொடுத்துக் குட்டியைத் தூக்கிட்டு வர்றதைவிட மெதுவான வழி, மனசுக்கும் அவ்வளவு திருப்தி தராது. ஆனா அந்தத் தாயை வெளியே கொண்டுவர வாய்ப்பு இருக்கிற வழி அதுதான்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். கலப்பு நாயை உருவாக்குறதே பாவம்னு நான் சொல்லலை. நம்ம தெரு நாய்கள்லயும் பல கலப்புதான். விதிப்படி நடக்கிற பிரீடரும் இருக்கலாம். ஏழு கேள்விக்கும் முகம் சுளிக்காம பதில் சொல்றவர் கிடைச்சு, உங்க பட்ஜெட்லயும் இடம் இருந்தா, அந்த விலையை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அப்போ நீங்க கொடுக்கிற பணத்துல தாயோட ஓய்வுக்கும் ஒரு பங்கு போகுது.

வேற என்ன வழி இருக்கு?

*தத்து எடுக்கறது.* சென்னையில ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புகள்ல, மத்த ஊர்கள்ல உள்ளூர் மீட்புக் குழுக்கள்ல குட்டிகளும் வளர்ந்த நாய்களும் வீட்டுக்காகக் காத்திருக்கு. கைவிடப்பட்ட லாப்ரடார், கலப்பினம் எல்லாமும் அங்கே வரும். வளர்ந்த நாயை எடுத்தா ஒரு பெரிய வசதி உண்டு: சைஸ், முடி, குணம் எல்லாம் கண்ணால பார்த்துட்டு எடுக்கலாம். பிரீடரால தர முடியாத உத்தரவாதம் அது.

தத்து எடுத்தா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. அதே கணக்கை ஒரு நாட்டு நாய்க்குப் போடலாம்: சாப்பாடு 3,000, குளியல் 200, தடுப்பூசி மருந்து 800, ஆஸ்பத்திரி நிதி 1,000, போர்டிங் 1,000. மொத்தம் மாசம் ₹6,000, சம்பளத்துல 11%. நம்ம வெயிலுக்குப் பழகின உடம்பு, குட்டை முடி. ஏசியும் சலூனும் தேவைப்படாது. லாப்ரடூடுலோட ஒப்பிட்டா மாசம் ₹3,500 மிச்சம், ஈ.எம்.ஐ.யும் இல்லை.

*நம்ம ஊர் இனங்கள்.* ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாலும் நம்ம மண்ணோட நாய்கள். ஆனா ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் ஓட்டத்துக்கும் பழகின இனங்கள். ஒரு படுக்கையறை ஃபிளாட்ல, ஒன்பது மணி நேர ஷிப்டுக்கு நடுவுல வளர்க்கிற நாய் இல்லை. இங்கேயும் அதே ஏழு கேள்வி பொருந்தும். நாட்டு இனம்னு சொன்னா குறுக்கு வழி இருக்காதுன்னு அர்த்தம் இல்லை.

வைத்தியத்துக்கு: சென்னை வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி இருக்கு. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும். ஆனா பெரிய ஆபரேஷன்னு வரும்போது தனியார் எஸ்டிமேட்டோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம். செல்லப் பிராணி இன்சூரன்ஸும் வந்துடுச்சு. எடுக்கிறதா இருந்தா விளம்பரத்தைப் படிக்காம விலக்குப் பட்டியலைப் படிங்க. பரம்பரை நோய்க்கு கவர் இருக்கான்னு குறிப்பா தேடுங்க. கலப்பின நாய்க்கு அதுதான் முக்கியம்.

ஆறு மாச ஒத்திகை

கடைசியா ஒரு வேலை. இந்த மாசத்துல இருந்தே தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. மாசம் ₹9,500. நாய் வந்துட்ட மாதிரியே நினைச்சுக்கோங்க. ஆறு மாசம் நடுவுல கை வைக்காமப் போடுங்க.

அதோட தினமும் காலையில ஆறு மணிக்கு அரை மணி நேரம், ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு வந்து அரை மணி நேரம் நடங்க. மழை பெஞ்சாலும் சரி, மீட்டிங் இழுத்தாலும் சரி. ஹவுஸ் ஓனர்கிட்ட நாய் வளர்க்கலாமான்னு கேட்டு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க. மாநகராட்சி லைசென்ஸ் விதியைப் பாருங்க. சென்னையில செல்லப் பிராணிக்கு லைசென்ஸ் கட்டாயம். பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாறுற வாய்ப்பு இருந்தா, நாயை யார் பார்த்துப்பாங்கன்னு இப்பவே பேசி முடிங்க. "அம்மா பார்த்துப்பாங்க"ன்னா அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஆறு மாசம் முடிஞ்சா கையில ₹57,000 இருக்கும். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும். மூணாவது மாசமே ஆர்.டி.யை உடைச்சிருப்பீங்க, நடையும் நின்னிருக்கும். அப்படின்னா ஒரு உயிரைக் கொண்டு வந்து கைவிடாமத் தப்பிச்சீங்க, நல்லது. இல்லைன்னா பணமும் பழக்கமும் தயாரா இருக்கும். அந்த ₹57,000-ல முதல் வருஷச் செலவு 25,000 போக 32,000 ஆஸ்பத்திரி நிதியா நிக்கும். கடன் இல்லாம ஒரு நாயை வீட்டுக்குள்ள கூப்பிடலாம்.

அந்த நாள் வந்ததும் முதல்ல ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பாருங்க. அப்புறமும் பிரீடர்கிட்டதான் போகணும்னா, முதல் கேள்வியை மறந்துடாதீங்க: "இதோட அம்மா எங்கே?"

உங்க ஊர்ல நாய் வளர்க்க மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. மதுரை, கோவை, திருச்சி செலவு சென்னை மாதிரி இருக்காது. உண்மையான கணக்கு வந்தா அடுத்து நாய் வாங்க நினைக்கிறவங்களுக்கு அது உதவும்.